சிவந்து நிற்கும் 'சி' டிரைவ்: மலிவு மடிக்கணினியில் இடம் தேடுவது எப்படி?

மாணவர்களே, உங்கள் மடிக்கணினியில் 'திஸ் பிசி' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். 'சி' டிரைவின் பெயருக்குக் கீழே ஒரு பட்டை தெரியும். அது நீலமாக இருந்தால் இந்தக் கட்டுரையை ஆற அமரப் படிக்கலாம். சிவப்பாக இருந்தால் இன்றே படித்துவிடுங்கள். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும்போதுதான் விண்டோஸ் அதைச் சிவப்பாக்கிக் காட்டுகிறது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா என்று கோலா சிலாங்கூரின் எந்த மூலையிலிருந்து வரும் மாணவரானாலும் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், லேப்டாப் ஜேம் ஆயிருச்சு." அடுத்த வாக்கியம் பெரும்பாலும், "அப்பா புதுசு வாங்கலாமான்னு கேட்கிறாரு." நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மிக மலிவான புதிய மடிக்கணினிக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். இயந்திரம் பழுதாகவில்லை, இடம் மட்டுமே தீர்ந்திருக்கிறது என்றால் அந்தச் செலவு தேவைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மலிவு மடிக்கணினி நம் வீடுகளுக்குள் பெருமளவில் வந்தது கோவிட் காலத்தில். 2020 நவம்பரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில் 'செர்டிக்' நிதி அறிவிக்கப்பட்டது. அரசு சார்பு நிறுவனங்கள் 15 கோடி ரிங்கிட் கொடுக்க, 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் என்பது திட்டம். வகுத்துப் பாருங்கள்: ஒரு மாணவருக்கு 1,000 ரிங்கிட். பெற்றோர் தாமாகவே கடையில் வாங்கிக் கொடுத்தவையும் பெரும்பாலும் அந்த விலையைச் சுற்றியவைதான். அந்த விலைக்குள் திரை, மின்கலம், விசைப்பலகை எல்லாம் அடங்க வேண்டும் என்றால் தயாரிப்பாளர் எங்கேயாவது கையைச் சுருக்கியாக வேண்டும். அவர் சுருக்கும் இடம் பெரும்பாலும் சேமிப்பகம். 32 அல்லது 64 ஜிபி கொள்ளளவுள்ள 'ஈஎம்எம்சி' என்ற சில்லைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். கைப்பேசிகளில் இருப்பதும் இதே குடும்பத்துச் சில்லுதான்.

இதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளில் ஹார்டு டிஸ்க் இருந்தது. காந்தப் பூச்சு பூசிய தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். ஒரு நுண்ணிய ஊசிமுனை அதன்மேல் தரவை எழுதும். அவற்றில் ஒரு பகுதி நம் மாநிலத்திலேயே, பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலையில் உருவானது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. உறவினர் யாராவது சுங்கைவே பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். உலகம் சுழலும் தட்டிலிருந்து சில்லுக்கு மாறத் தொடங்கியதும், 2019 இறுதிக்குள் அந்த ஆலையை மூடப்போவதாக நிறுவனம் 2018-இல் அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்கப்போவதாகவும் சொன்னது. அந்த மாற்றத்தின் மலிவான முனைதான் இன்று உங்கள் மேசைமேல் இருக்கிறது.

சரி, பெட்டியில் 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறது. கணினியோ 58 ஜிபி என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை, இரண்டு அளவுகோல்கள் மோதுகின்றன. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு அது 1,024 × 1,024 × 1,024, அதாவது 1,073,741,824 பைட். 6,400 கோடியை இந்த எண்ணால் வகுத்தால் 59.6 வரும். மீட்புப் பகுதி என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டையும் கழித்தால் 58 ஆகிவிடும். அதில் விண்டோஸ் குடியேறவே 20 ஜிபிக்கு மேல் வேண்டும். பல கணினிகளில், வரப்போகும் மேம்பாடுகளுக்காக ஏறத்தாழ 7 ஜிபியை அது முன்கூட்டியே ஒதுக்கியும் வைத்துக்கொள்கிறது. ஆக, உங்களுக்கென்று மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. 32 ஜிபி கணினி வைத்திருப்பவர் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி தேவை என்று மைக்ரோசாஃப்ட் நிர்ணயித்திருப்பதால் அந்தக் கணினிகள் விண்டோஸ் 10-இலேயே நின்றுவிட்டன. அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

இடம் நிரம்பினால் கணினி ஏன் மெதுவாகிறது? இங்கேதான் அறிவியல் சுவையாகிறது. நம் கணினியில் உள்ள சில்லு 'நேண்ட் ஃபிளாஷ்' வகை. 1987-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்காவின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. காப்புப்பொருளால் சூழப்பட்ட நுண்ணறைக்குள் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்துத் தரவைக் காக்கிறது. அதனால் மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. ஆனால் இதற்கு ஒரு வினோதமான குணம் உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் முடியும்.

வகுப்பில் வெண்பலகை இருக்கிறது. அதில் வரி வரியாக எழுதலாம். ஆனால் துடைப்பான் ஒருமுறை தொட்டால் பலகை முழுவதும் சுத்தமாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஒரு வரியை மட்டும் நீக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? தேவையான மற்ற வரிகளைப் பக்கத்துப் பலகைக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, இந்தப் பலகையை முழுதாகத் துடைப்பீர்கள். காலிப் பலகைகள் பல இருந்தால் இது நொடியில் முடியும். எல்லாப் பலகையும் எழுத்தால் நிறைந்திருந்தால் ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் பெயர்த்து எழுதும் வேலை குவியும். உங்கள் கணினி 'ஜேம்' ஆகும்போது உள்ளே பல நேரம் நடப்பது இதுதான்.

அந்தப் பெயர்த்து எழுதும் வேலையைக் குறைப்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை நிரந்தரமாக அழித்ததும், 'இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் சில்லுக்குச் சொல்லிவிடும். 'டிரிம்' என்று இதற்குப் பெயர். சில்லு ஓய்வாக இருக்கும் நேரத்தில் அந்தத் தொகுதிகளைத் துடைத்து வைத்துக்கொள்ளும். வேகத்திற்கு நல்லது. ஆனால் இதன் மறுபக்கத்தை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை, மீட்பு மென்பொருள் கொண்டு பலமுறை எடுத்துவிடலாம். தட்டில் புதிதாக ஏதும் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். சில்லில் அப்படி இல்லை. டிரிம் வேலையை முடித்துவிட்டால், குப்பைத்தொட்டியைக் காலிசெய்த சிறிது நேரத்திலேயே கோப்பு மீட்க முடியாதபடி போய்விடும். 'கடைக்காரர் எடுத்துத் தருவார்' என்ற நம்பிக்கையில் எதையும் அழிக்காதீர்கள்.

அதனால் அழிக்கும் வேலைக்கு முன்பு நகலெடுக்கும் வேலை வருகிறது. எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவருக்கு இரண்டு ஆண்டுக் குறிப்புகள், அறிவியல் செயல்திட்டம், குடும்பப் படங்கள் ஆகியவை முக்கியம். அவற்றை ஒரு விரலியில் போடுங்கள். இன்னொரு நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும். விரலியை மடிக்கணினிப் பைக்குள்ளேயே வைத்தால் அது இரண்டாவது நகலாகாது. 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் மிதந்தபோது, பை முழுவதுமாக நீரில் போன வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும்.

இணைய மேகத்தில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். கூகுளின் தனிப்பட்ட கணக்கில் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சலும் படங்களும் அதே 15-க்குள்தான் அடங்க வேண்டும். ஆனால் தோட்டப்புறத்தில் கைப்பேசி 'ஹாட்ஸ்பாட்' வழியாக அனுப்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 10 ஜிபி ஏற ஏறத்தாழ நாலரை மணி நேரம். நடுவில் இணைப்பு அறுந்தால் மேலும் நேரம் பிடிக்கும். எனவே எழுத்துக் கோப்புகளுக்கு மேகம், காணொளிகளுக்கு விரலி என்று பிரித்துக்கொள்வது நம் பகுதிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. டெலிமா கணக்கில் உள்ளவற்றை, பள்ளி முடிவதற்குள் சொந்தக் கணக்கிற்கு மாற்றிக்கொள்வதும் நல்லது.

இப்போது இடத்தைத் தேடுவோம். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று வரிசையாகத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற படம் கிடைக்கும். பார்க்காமல் அழிப்பவர்கள் பெரும்பாலும் கட்டுரைகளையும் குறிப்புகளையும்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. காரணம் சொல்கிறேன். தமிழ் எழுத்துகள் கணினியில் 'யுடிஎஃப்-8' முறையில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆகவே 15 பைட். இப்படிக் கணக்கிட்டால் 1,000 சொல் கொண்ட ஒரு கட்டுரையின் எழுத்துகள் ஏறக்குறைய 30 கிலோபைட். கைப்பேசியில் முழு எச்டி தரத்தில் எடுத்த காணொளியோ ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 எம்பி. அதாவது, பரிசோதனைக் கூடத்தில் நண்பன் முகத்தைக் காட்டிச் சிரிக்கும் அந்த ஒரு நிமிடம் 4,000 கட்டுரைகளுக்குச் சமம். முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று புரிந்திருக்கும்.

காணொளிகளுக்கு அடுத்தது 'டவுன்லோட்ஸ்' கோப்புறை. ஆசிரியர் புலனக் குழுவில் ஒரு பயிற்சித்தாள் அனுப்புவார். நீங்கள் அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி இறங்கும். பெயருக்குப் பின்னால் (1), (2), (3) என்று எண் போட்டுக்கொண்டு அவை வரிசைகட்டி நிற்கும். ஒரே தாள் (11) வரை போன கணினியை நான் பார்த்திருக்கிறேன். கோப்புகளை அளவுவாரியாக அடுக்கி, பெரியதிலிருந்து பார்த்து வாருங்கள். நிறுவி முடித்த மென்பொருள்களின் நிறுவல் கோப்புகளும் அங்கேதான் தூங்கும். அவை இனி வேண்டாம். பிறகு விளையாட்டுகள். எதை வைப்பது, எதை நீக்குவது என்பதை உங்களுக்கே விடுகிறேன். ஆனால் நீக்குவதானால் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். திரையில் உள்ள குறும்படத்தை மட்டும் அழித்தால் விளையாட்டு உள்ளேயே இருக்கும்.

அதே 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். தற்காலிகக் கோப்புகள், மேம்பாட்டின் மிச்சங்கள், குப்பைத்தொட்டி எல்லாம் அங்கே பட்டியலாக வரும். பெரிய மேம்பாட்டிற்குப் பிறகு 'முந்தைய விண்டோஸ்' என்று பல ஜிபி தெரியலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணமில்லை என்றால் அதை நீக்கலாம். வழக்கமாக 10 நாளில் அது தானாகவே போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தப் பட்டியலிலேயே 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் உங்கள் பாடக்குறிப்புகளும் சேர்ந்து போகும். அதே பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்பதை முடுக்கிவிட்டால் தற்காலிகக் குப்பையை விண்டோஸ் அவ்வப்போது தானே கூட்டிப் பெருக்கும்.

'விண்டோஸ்' கோப்புறைக்குள் நுழைந்து கையால் எதையும் அழிக்க வேண்டாம். அங்கே பெரிதாகத் தெரியும் பல கோப்புகள் இல்லாவிட்டால் கணினி எழுந்திருக்காது. ஒரே சொடுக்கில் 20 ஜிபி மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரப்படுத்தும் 'கிளீனர்' மென்பொருள்களையும் ஒதுக்குங்கள். விண்டோஸிலேயே இருக்கும் வசதி போதும்.

'ஒன்டிரைவ்' பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் கோப்புறையில் உள்ள கோப்பை அழித்தால் மேகத்திலிருந்தும் அது அழியும், ஏனெனில் இரண்டும் ஒன்றையொன்று பின்பற்றுகின்றன. கோப்பின்மேல் வலச்சொடுக்குச் செய்து 'ஃபிரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கோப்பு மேகத்தில் தங்கும், கணினியில் பெயர் மட்டும் இருக்கும். இணையம் இல்லாத இடத்தில் அதைத் திறக்க முடியாது என்பதை மறந்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய இரவில் தவிக்காதீர்கள்.

மேம்பாடு இறங்கவே இடமில்லை என்று கணினி அடம்பிடித்தால், 10 ஜிபிக்கு மேல் காலியாக உள்ள ஒரு விரலியைச் செருகுங்கள். தற்காலிகமாக அதைப் பயன்படுத்திக்கொள்ள விண்டோஸ் வழி கேட்கும். மேம்பாடு முடியும்வரை விரலியை உருவக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது இந்த மேம்பாடுகள்தான் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எவ்வளவு துடைத்தாலும் 64 ஜிபி 128 ஆகாது. விரிவாக்க வேண்டும் என்றால் உங்கள் கணினி எதற்கு இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பு ஒரு நிபந்தனை: பள்ளி இரவல் கொடுத்த கருவியாக இருந்தால் திருகாணியைத் தொடக்கூடாது. பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

எளிய வழி மைக்ரோ எஸ்டி அட்டை. கணினியின் பக்கவாட்டில் துளை இருந்தால் போதும். காணொளி, பாடல், படம், பழைய தேர்வுத்தாள்கள் எல்லாவற்றையும் அங்கே குடிபெயர்க்கலாம். செயலிகளை அங்கே நிறுவுவது எனக்கு உடன்பாடில்லை. 'ஏ1' முத்திரை பெற்ற அட்டைக்குத் தரநிலை கேட்பது நொடிக்கு 1,500 சிறு வாசிப்புகளும் 500 சிறு எழுத்துகளும்தான். பெரிய கோப்பை வரிசையாகப் படிக்க அது தாராளம். ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் செயலிக்கு அது போதாது. இன்னொன்று, கைப்பேசியில் 32 ஜிபிக்கு மேல் ஏற்காத பழைய துளை இருப்பதுபோல் சில பழைய மடிக்கணினிகளிலும் உண்டு. வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். அட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வடிவமைப்பாக இருந்தால், பையில் வைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

வெளியே செருகும் எஸ்எஸ்டி இதைவிட வேகமானது. யுஎஸ்பி 3 துளையில் செருக வேண்டும். பல கணினிகளில் அதன் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். பழைய யுஎஸ்பி 2-இல் செருகினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டியும் நொடிக்கு 40 எம்பி அளவில் தவழும். குறுகிய மண்சாலையில் விரைவுப் பேருந்தை ஓட்டுவதுபோல.

கணினிக்குள்ளேயே இடம் கூட்டுவதுதான் சிறந்தது, அதற்கு வாய்ப்பிருந்தால். ஈஎம்எம்சி சில்லைக் கழற்றி மாற்றுவது சாதாரணக் கடையில் நடக்கிற வேலையில்லை. ஆனால் அத்தகைய சில கணினிகளில் 'எம்.2' என்ற காலித் துளை ஒன்று உள்ளே காத்திருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் கணினியாக இருந்தால் அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டி வைக்கலாம். வேகத்தில் தெரியும் வித்தியாசத்தைப் பார்த்தால் கணினியே புதிதோ என்று தோன்றும். அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் மூன்றைத் தேடுங்கள்: எம்.2 துளை உண்டா, அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா, நீளம் எவ்வளவு. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 என்றால் நீளம் 42. வகை மாறினால், துளைக்குள் பொருந்தினாலும் கணினி அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். இந்த மூன்று விவரங்களோடு கடைக்குப் போகும் மாணவரிடம், தேவையில்லாததை யாரும் எளிதில் விற்க முடியாது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் கேட்டுவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, காசு மிச்சம் பிடிக்க நினைத்துப் பலர் விழும் குழி. பாசார் மாலாம் மேசையிலும் இணையக் கடைகளிலும் '2 டிபி' என்று அச்சிட்ட விரலிகளும் அட்டைகளும் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கணினியில் செருகினால் கணினியும் 2 டிபி என்றே காட்டும். எப்படி? விரலிக்குள் சேமிப்புச் சில்லோடு, கொள்ளளவைக் கணினிக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கிறது. போலிகளில் உண்மையான சேமிப்பு 16 அல்லது 32 ஜிபிதான். கட்டுப்பாட்டுச் சில்லைப் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் தொடக்கப் பகுதியிலேயே எழுதப்படுவதால், நீங்கள் நகலெடுக்கும் எல்லாவற்றின் பெயரும் அழகாகத் தெரியும். உண்மைக் கொள்ளளவைத் தாண்டிய பிறகு எழுதுபவை எங்கும் போய்ச் சேராது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். திறக்கும்போதுதான் வெறுமை தெரியும். அதற்குள் மூலத்தை நீங்கள் கணினியிலிருந்து அழித்திருப்பீர்கள். டிரிம் அதைத் துடைத்தும் இருக்கும்.

எனவே புதிய அட்டையோ விரலியோ வாங்கினால் அன்றே சோதியுங்கள். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச நிரல், அட்டை முழுவதையும் நிரப்பி, பின் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். பெரிய அட்டையானால் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடலாம். நிரல் இல்லையென்றால், ஒரு பெரிய காணொளியை வெவ்வேறு பெயரில் அட்டை நிறையும்வரை நகலெடுங்கள். அட்டையை முறைப்படி வெளியேற்றி, மறுபடி செருகி, முதலில் போட்டதையும் நடுவில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றும் தடையின்றி ஓடும்வரை கணினியில் உள்ள மூலக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். ரசீதையும் அட்டை வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள்.